லிம்போமாவும் மஞ்சள்காமாலையும் சேர்ந்து வந்திருக்கிறது: முதலில் ஸ்டென்டா, கீமோவா?

வைகைக்கரை_மகன் எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு நாளாகச் சரியான தூக்கம் இல்லை.

அப்பாவுக்கு 62 வயது. விவசாயம். சுகர் கிடையாது, பிரஷருக்கு ஒரு மாத்திரை, அவ்வளவுதான். ஒன்றரை மாதத்துக்கு முன்னால் உடம்பெல்லாம் அரிக்கிறது என்றார். கதிர் அறுப்பு நேரம் என்பதால் சுணைதான் என்று நாங்களும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்புறம் சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனது, கண் மஞ்சளானது. ஊரில் எல்லாரும் சொல்வதுபோல் கீழாநெல்லி அரைத்து மோரில் கலக்கி 12 நாள் கொடுத்தோம், உப்பில்லாப் பத்தியம் வேறு. மஞ்சள் ஏறிக்கொண்டே போனது, மலம் மட்டும் வெளுத்து, களிமண் மாதிரி ஆனது. அந்த 12 நாளை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

முதலில் போன மருத்துவமனையில் சி.டி. ஸ்கேன் எடுத்துவிட்டுக் கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி, கணையப் புற்றுநோய்தான், பெரிய ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று தேதியே குறித்துவிட்டார்கள். பயாப்சி எடுக்கவில்லை. அம்மா நகையை எடுத்துக்கொண்டு அடகுக்கடை வரை போய்விட்டாள். மாமாவுக்குத் தெரிந்த ஒரு டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, "நிணநீர்க் கணுக்கள் இத்தனை பெரிதாக, இப்படிக் கொத்துக் கொத்தாக இருக்கிறதே, எண்டோஸ்கோப்பி வழியாக ஊசி போட்டு சதை எடுத்துப் பார்க்காமல் கத்தி வைக்க விடாதீர்கள்" என்றார். வேறு இடத்தில் எடுத்தோம். ரிப்போர்ட்டில் டிஃப்யூஸ் லார்ஜ் பி-செல் லிம்போமா (நிணநீர்க் கணுக்களில் வரும் ஒரு வகைப் புற்றுநோய்), சி.டி.20 (செல்லின் மேல் இருக்கும் ஒரு புரதம்) பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது.

இப்போதுதான் என் குழப்பம். ரத்தத்தில் மஞ்சள் நிறமி எவ்வளவு என்று காட்டும் மொத்த பிலிருபின் 14.6. ரத்தம் உறைவதைப் பார்க்கும் ஐ.என்.ஆர். 2.1. கீமோ டாக்டர், இந்த அளவு மஞ்சள் இருக்கும்போது முழு மருந்து ஏற்ற முடியாது, முதலில் பித்தக்குழாய் அடைப்பை எடுத்துவிட்டு வாருங்கள் என்கிறார். குடல் டாக்டர் இ.ஆர்.சி.பி. செய்து, அதாவது வாய் வழியாக எண்டோஸ்கோப்பி விட்டு, பித்தக்குழாயைத் திறந்து வைக்க ஸ்டென்ட் என்ற சின்னக் குழாய் வைக்கலாம் என்கிறார். சொந்தக்காரர் ஒருவர், ஸ்டென்ட் வைத்தால் கிருமி ஏறும், லிம்போமா கட்டி கீமோவிலேயே கரைந்துவிடும், நேராக மருந்தை ஏற்றச் சொல் என்று போனில் சத்தம் போடுகிறார்.

எது முதலில்? மருந்தைக் குறைத்துக் கொடுத்தால் நோய் குணமாகாமல் போய்விடுமா? ஸ்டென்டில் பிளாஸ்டிக், உலோகம் என்று இரண்டு சொல்கிறார்களே, எதைக் கேட்க வேண்டும்? இந்த வழியில் போய் வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். அப்பா என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "எத்தனை நாளில் வீட்டுக்குப் போகலாம்?" அதற்கே என்னிடம் பதில் இல்லை.

—

சேலத்து_மகள் எழுதியது:

தம்பி, முதலில் ஒன்று. கணையப் புற்றுநோய் என்று சொல்லி, பிறகு லிம்போமா என்று வந்ததில் நான் சந்தோஷப்படுவேன், கோபித்துக்கொள்ளாதே. எங்கள் அம்மாவுக்கும் இதே கதைதான், கல்லீரல் வாசலில் கணுக்கள் வீங்கிப் பித்தக்குழாயை வெளியிலிருந்து நெருக்கியிருந்தன. அம்மா இன்று தோட்டத்தில் அவரைக்காய் பறித்துக்கொண்டிருக்கிறாள். ஆறு வருடம் ஆகிவிட்டது.

ஸ்டென்ட் பற்றி எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். அம்மாவுக்குப் பிளாஸ்டிக் வைத்தார்கள். உலோகம் நீண்ட நாள் நிற்குமே, காசு போனால் போகிறது, அதையே வையுங்கள் என்று நான் சண்டை போட்டேன். அந்த டாக்டர் பொறுமையாக உட்கார வைத்துச் சொன்னார்: "கணையப் புற்றுநோயில் அந்தக் கட்டி கரையப் போவதில்லை, அதனால் உலோகம் வைத்து அப்படியே விட்டுவிடுவோம். உங்கள் அம்மாவுக்கு இரண்டு சைக்கிளில், அதாவது இரண்டு சுற்றுக் கீமோவில், கணு சுருங்கிவிடும், அதற்குப் பிறகு அந்த ஸ்டென்டுக்கு வேலையே இல்லை, வெளியே எடுக்க வேண்டும். உறை போடாத உலோக வலை சதைக்குள் பதிந்துவிட்டால் எடுப்பது பெரும்பாடு." உறை போட்ட உலோக ஸ்டென்டை எடுக்க முடியுமாம், சில இடங்களில் அதையும் வைக்கிறார்கள். ஆக, நீ கேட்க வேண்டியது "பிளாஸ்டிக்கா உலோகமா" என்று இல்லை, "இதைப் பிறகு எடுக்க முடியுமா, எந்த மாதம் எடுப்பீர்கள்" என்று. பிளாஸ்டிக்கை மூன்று மாதத்துக்குள் மாற்றியோ எடுத்தோ ஆக வேண்டும், உள்ளே கசடு சேர்ந்து அடைத்துக்கொள்ளும். அந்தத் தேதியைக் காலண்டரில் இப்போதே வட்டம் போட்டு வை. கீமோ அலைச்சலில் எல்லாரும் மறந்துவிடுவார்கள், டாக்டர் உட்பட.

அடுத்தது காய்ச்சல். தயவுசெய்து இதை ஊன்றிப் படி. இரண்டாவது கீமோ முடிந்த பத்தாவது நாள் ராத்திரி, அம்மாவுக்குத் திடீரென்று குளிர் நடுக்கம், மூன்று போர்வை போட்டும் கட்டில் ஆடுகிறது. காய்ச்சல் 102. பக்கத்தில் இருந்த ஒரு மருத்துவமனையில் காட்டினோம், கீமோவில் இருக்கிறாள், ஸ்டென்ட் இருக்கிறது என்று இரண்டு தடவை சொல்லியும் பாராசிட்டமால் கொடுத்துக் காலையில் வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். காலையில் பிரஷர் விழுந்துவிட்டது. வெள்ளையணு 600 தான் இருந்தது. ஸ்டென்ட் இடத்தைவிட்டு நழுவி, பித்தக்குழாயில் சீழ் பிடித்திருந்தது. கணு சுருங்கியதும் பிடிமானம் இல்லாமல் நழுவுவது உண்டாம், அதை யாரும் எங்களிடம் சொல்லியிருக்கவில்லை. ஒன்பது நாள் ஐ.சி.யூ.

அதனால் வீட்டில் தெர்மாமீட்டர் வாங்கி வை. 100.4 தொட்டால், மணி இரண்டானாலும் மூன்றானாலும், கீமோ கொடுக்கும் மருத்துவமனைக்கே நேராகக் கூட்டிப் போ. ஒரு சீட்டில் "லிம்போமா, கீமோ தேதி இது, பித்தக்குழாயில் ஸ்டென்ட் இருக்கிறது" என்று எழுதி அப்பா சட்டைப்பையில் வை. அந்த நேரத்தில் நமக்கு வாய் குழறும்.

—

ரத்தப்பிரிவு_டாக்டர் எழுதியது:

நான் ரத்தப் புற்றுநோய்ப் பிரிவில் வேலை பார்ப்பவன். உங்கள் அப்பாவை நான் பார்க்கவில்லை, முடிவு அவரைப் பார்க்கும் டாக்டர்களுடையது. ஆனால் அவர்கள் ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்பது உங்களுக்குப் புரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும்.

உங்கள் அப்பாவுக்குக் கொடுக்கப் போவது அநேகமாக ஆர்-சாப் என்ற கூட்டு மருந்தாக இருக்கும். ஐந்து மருந்து: ரிட்டுக்சிமாப், சைக்ளோபாஸ்பமைடு, டாக்ஸோரூபிசின், வின்கிரிஸ்டின், பிரெட்னிசலோன். 21 நாளுக்கு ஒருமுறை, வழக்கமாக ஆறு தடவை. இந்த ஐந்தில் இரண்டுதான் மஞ்சள்காமாலையோடு ஒத்துப்போகாதவை. ஒன்று டாக்ஸோரூபிசின், வார்டில் எல்லாரும் சிவப்பு மருந்து என்பார்களே, அது. இன்னொன்று வின்கிரிஸ்டின். நம் வீட்டு வாசலில் பூக்கிற நித்தியகல்யாணிச் செடியிலிருந்துதான் அந்த மருந்து வந்தது. இரண்டையும் உடம்பு வெளியேற்றுவது பெரும்பாலும் கல்லீரல், பித்தம் வழியாக. பித்தக்குழாய் அடைத்திருந்தால் வாய்க்கால் மடை அடைத்த மாதிரி, உள்ளே போன மருந்து வெளியேற வழியில்லாமல் ரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். அளவு சாதாரணமாகவே கொடுத்திருந்தாலும் உடம்புக்கு அது இரண்டு மடங்கு, மூன்று மடங்கு கொடுத்ததுபோல் ஆகிவிடும். வாய் முழுக்கப் புண், வெள்ளையணு தரைமட்டம், வின்கிரிஸ்டினால் நரம்பு மரத்துப்போவது, குடல் அசையாமல் நின்றுபோவது எல்லாம் அதில் வரும்.

அதனால்தான் கணக்கு வைத்திருக்கிறோம். பிலிருபின் 1.2-லிருந்து 3 வரை இருந்தால் சிவப்பு மருந்து பாதி, 3-க்கு மேல் 5 வரை கால் பங்கு, 5-ஐத் தாண்டினால் கொடுப்பதில்லை. வின்கிரிஸ்டின் 3-க்கு மேல் போனால் பாதியாகும். உங்கள் அப்பாவுக்கு 14.6. கீமோ டாக்டர் சொன்னது சரிதான்.

ஆனால் மற்ற மூன்று மருந்துக்கு இந்தத் தடை கிடையாது என்பதையும் கவனியுங்கள். ரிட்டுக்சிமாப் ஒரு எதிர்ப்புப் புரதம், அது பித்தத்தை நம்பி வெளியேறுவதில்லை. பிரெட்னிசலோன் ஸ்டீராய்டு, லிம்போமா கணுக்களை அதுவே ஓரளவு சுருக்கிவிடும், சிலருக்கு நாலைந்து நாளிலேயே வித்தியாசம் தெரியும். சைக்ளோபாஸ்பமைடும் மஞ்சள்காமாலையில் ஓரளவு தாராளமாகக் கொடுக்கக்கூடியதே. ஆகவே பல இடங்களில் ஸ்டீராய்டை முதலில் ஆரம்பித்து, இந்த மூன்றில் முடிந்ததைக் கொடுத்து, பிலிருபின் இறங்க இறங்க மற்ற இரண்டையும் சேர்ப்பார்கள். இரண்டாவது, மூன்றாவது சைக்கிளில் முழு அளவுக்கு வந்துவிடலாம். முதல் சைக்கிளில் குறைத்தார்கள் என்பதற்காகக் குணமாகும் வாய்ப்பு போய்விட்டது என்று நினைக்காதீர்கள். ஆறு சைக்கிளும் அரைகுறையாகவே போனால்தான் கவலை.

உங்கள் சொந்தக்காரர் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது. கட்டி மருந்திலேயே கரையும் என்பது உண்மை, காய்ச்சல் இல்லாமல், பிலிருபின் ரொம்ப ஏறாமல் இருக்கும் சிலருக்கு நாங்களே ஸ்டென்ட் இல்லாமல் ஸ்டீராய்டோடு தொடங்கியிருக்கிறோம். ஆனால் அடைத்த குழாயில் ஏற்கெனவே கிருமி பிடித்துக் காய்ச்சல், நடுக்கம் இருந்தால் பேச்சுக்கே இடமில்லை, வழியை முதலில் திறந்தாக வேண்டும், சீழைத் தேக்கிவைத்துக்கொண்டு வெள்ளையணுவைக் குறைக்கும் மருந்து கொடுக்க முடியாது. 14-ல் நிற்கிற, ஒரு மாதத்துக்கு மேல் மஞ்சள் இருக்கிற 62 வயதுக்காரருக்கு, காய்ச்சல் இல்லாவிட்டாலும் நானாக இருந்தால் வழியைத் திறந்துவிட்டுத்தான் போவேன். அதே நேரம் பிலிருபின் 1-க்கு வரட்டும் என்று ஒரு மாதம் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவும் விடமாட்டேன். இந்த வகை லிம்போமா வேகமாக வளரும். இரண்டையும் அடுத்தடுத்து, நாள் கணக்கில் செய்ய வேண்டும், வாரக்கணக்கில் விடக்கூடாது.

இன்னும் மூன்று விஷயம் கேட்டுவையுங்கள். ஐ.என்.ஆர். 2.1 என்றால் ரத்தம் உறையத் தாமதமாகிறது. பித்தம் குடலுக்கு வராததால் வைட்டமின் கே உடம்பில் சேராமல் இப்படி ஆவது வழக்கம், ஊசி போட்டால் ஓரிரு நாளில் சரியாகும், அதற்குப் பிறகுதான் இ.ஆர்.சி.பி.யில் எதையும் வெட்டுவார்கள். அடுத்தது ஹெபடைடிஸ் பி, கல்லீரலைத் தாக்கும் வைரஸ். ரிட்டுக்சிமாப் போடுவதற்கு முன் ஹெச்.பி.எஸ். ஆன்டிஜென் என்ற ரத்தப் பரிசோதனை மட்டுமில்லாமல் கோர் ஆன்டிபாடி பரிசோதனையும் பார்த்தார்களா என்று கேளுங்கள். பழைய வைரஸ் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தால் இந்த மருந்தில் விழித்துக்கொண்டு கல்லீரலையே அழித்துவிடும், தடுக்க மாத்திரை இருக்கிறது. கடைசியாக, கட்டி வேகமாகக் கரையும்போது யூரிக் அமிலமும் பொட்டாசியமும் ஏறிக் கிட்னியைப் பாதிக்கும், அதனால் முதல் வாரம் நிறைய டிரிப்ஸ், அலோபியூரினால் மாத்திரை, தினமும் ரத்தப் பரிசோதனை என்று இருக்கும். ஊசி குத்தியே கொல்கிறார்கள் என்று அப்பா சலித்துக்கொள்வார், விட்டுக்கொடுக்காதீர்கள்.

உங்கள் மாமாவின் டாக்டருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பயாப்சிக்கு முன்னால் யாராவது ஸ்டீராய்டு ஆரம்பித்திருந்தால் கட்டி சுருங்கி, செல் சிதைந்து, ரிப்போர்ட்டே தெளிவாக வந்திருக்காது. ஆபரேஷன் நடந்திருந்தால் தேவையே இல்லாத இடத்தில் கணையத்தையும் குடலையும் வெட்டியிருப்பார்கள்.

நம்பிக்கைக்கு ஒன்று சொல்கிறேன். 1970-களிலிருந்து சாப் என்ற நாலு மருந்துதான். ரிட்டுக்சிமாபை அதோடு சேர்த்துப் பார்த்த பிரெஞ்சு ஆய்வு 2002-ல் வெளிவந்தது. அதில் எல்லாரும் 60-லிருந்து 80 வயதுக்காரர்கள், உங்கள் அப்பா வயது. நோய் முழுதாக மறைந்தவர்கள் நாலு மருந்தில் 63 சதவீதம், ஐந்தாவதைச் சேர்த்தபோது 76. இந்தியாவிலேயே தயாரான ரிட்டுக்சிமாப் 2007-ல் வந்தபிறகு விலையும் இறங்கியது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் மருத்துவமனையின் காப்பீட்டுக் கவுண்டரில் எது எது சேரும் என்று முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், நகைக்கு வேலை வராமல் போகலாம்.

—

கோவை_29 எழுதியது:

சின்ன விஷயம்தான், ஆனால் வேறு யாராவது இதே தலைப்பைத் தேடி வந்தால் உதவும். எனக்கு லிம்போமாவில் இன்னொரு வகையான ஹாட்ஜ்கின் லிம்போமா, 29 வயதில் வந்தது. கண் மஞ்சள், அரிப்பு, பிலிருபின் 19. எல்லாரும் அடைப்பு அடைப்பு என்றார்கள், ஸ்கேனில் பார்த்தால் பித்தக்குழாய் விரியவே இல்லை, எங்கும் கட்டி நெருக்கவும் இல்லை. கல்லீரல் பயாப்சியில்தான் தெரிந்தது, உள்ளே இருக்கும் மிகச் சிறிய பித்தக்குழாய்களே மறைந்துபோய்க்கொண்டிருந்தன. ஹாட்ஜ்கினில் அரிதாக இப்படி வருமாம். இதற்கு ஸ்டென்ட் வைக்க இடமே இல்லை, லிம்போமாவுக்கு வைத்தியம் செய்வதுதான் வழி. எனக்கு மருந்தைப் பார்த்துப் பார்த்து, அளவு குறைத்து ஏற்றினார்கள், மஞ்சள் இறங்க நாலரை மாதம் ஆனது. அண்ணனுடைய அப்பாவுக்கு ஸ்கேனில் குழாய் விரிந்திருக்கிறதா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள், விரிந்திருந்தால் அடைப்புதான், டாக்டர்கள் சொல்வது சரி.

அரிப்புக்கு: கொலஸ்டிரமின் பொடியை மற்ற மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுக்கக்கூடாது, அது மற்ற மருந்தையும் உறிஞ்சிக்கொள்ளும், நடுவில் சில மணி நேரம் இடைவெளி விட வேண்டும். அடைப்பு முழுதாக இருக்கும்போது அது வேலையும் செய்யாது. நான் ராத்திரியில் ஈரத்துண்டைக் கைகால்களில் சுற்றிக்கொண்டு மின்விசிறிக்குக் கீழே படுப்பேன். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். அரிப்பு வலியைவிட மோசம், அப்பா எரிந்து விழுந்தால் அவர் மேல் கோபப்படாதீர்கள்.

—

வைகைக்கரை_மகன் எழுதியது:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. டாக்டர் சார் எழுதியதை அப்படியே அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், நித்தியகல்யாணி என்றதும் அம்மா எழுந்துபோய் வாசலைப் பார்த்துவிட்டு வந்தாள்.

கோவைத் தம்பி, ஸ்கேனில் குழாய் நன்றாக விரிந்திருக்கிறது என்றுதான் இருக்கிறது, கேட்டுக்கொண்டேன். வைட்டமின் கே ஊசி போட்டு ஐ.என்.ஆர். 1.3-க்கு வந்துவிட்டது. ஹெபடைடிஸ் பி இரண்டு பரிசோதனையும் நெகட்டிவ். ஸ்டீராய்டு ஆரம்பித்துவிட்டார்கள்.

ஆனால் நேற்று இ.ஆர்.சி.பி. சரியாக வரவில்லை. கட்டி முன்சிறுகுடலையும் நெருக்கியிருப்பதால் பித்தக்குழாயின் வாயையே பிடிக்க முடியவில்லை, முக்கால் மணி நேரம் முயன்றுவிட்டு வெளியே வந்துவிட்டார்கள். இனி விலா எலும்புக்கு நடுவே ஊசி போட்டு, கல்லீரல் வழியாகக் குழாய் இறக்கி, பித்தத்தை வெளியில் ஒரு பையில் எடுக்கலாம் என்கிறார்கள். பை என்றதும் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "வெளியில் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு நான் கடைத்தெருவில் நடக்கமாட்டேன்" என்கிறார். இதை வைத்துக்கொண்டு வீட்டில் இருந்தவர்கள் யாராவது உண்டா?

—

திருச்சி_நர்ஸ் எழுதியது:

நான் பதினோரு வருடமாக இந்தக் குழாய் வைக்கும் அறையில்தான் நிற்கிறேன் தம்பி. பி.டி.பி.டி. என்று எழுதுவார்கள். அப்பாவிடம் என் பெயரால் சொல்லுங்கள், முழங்கை நீளத்தில் ஒரு பை, சட்டைக்குள்ளேயே அடங்கிவிடும், நிறைய பேர் வேட்டி மடிப்பில் பின் குத்திக்கொண்டு சந்தைக்குப் போய் வருகிறார்கள். எப்போதைக்குமாகவும் இல்லை. கணு சுருங்கியதும் குழாயை உள்ளே குடல் வரை நகர்த்தி, வெளிப்பக்கத்தை அடைத்துவிடுவார்கள், பிறகு பித்தம் அதன் வழியில் போய்விடும், பை கழன்றுவிடும்.

குழாய் வைத்த அன்று பையில் கரும்பச்சையாக, கெட்டியாக வரும், பயப்பட வேண்டாம், தேங்கியிருந்த பித்தம் அப்படித்தான் இருக்கும். இரண்டு மூன்று நாளில் தங்க மஞ்சளாக, தெளிவாக மாற வேண்டும். கலங்கலாக, நாற்றத்தோடு வந்தாலோ, ரத்தமாக வந்தாலோ, ஓடிக்கொண்டிருந்தது திடீரென்று நின்றாலோ உடனே வாருங்கள். ஒரு நோட்டுப் போட்டு 24 மணி நேரத்துக்கு எவ்வளவு என்று மில்லிலிட்டரில் எழுதுங்கள். அரை லிட்டருக்கு மேல் தினமும் வெளியே போனால் அதோடு உப்பும் தண்ணீரும் போகிறது என்று அர்த்தம், பெரியவர்கள் இதில் சோர்ந்து, கிட்னி வாடி வந்து சேருவதைப் பார்த்திருக்கிறேன். அந்த உப்பில்லாப் பத்தியத்தை இன்றோடு விட்டுவிடச் சொல்லுங்கள். டாக்டர் தடுக்கவில்லை என்றால் உப்புப் போட்ட கஞ்சி, மோர், ஓ.ஆர்.எஸ். தாராளமாகக் கொடுக்கலாம்.

பை எப்போதும் இடுப்புக்குக் கீழே இருக்க வேண்டும். தூங்கும்போது குழாய் இருக்கும் பக்கம், அது பெரும்பாலும் வலது பக்கம் இருக்கும், அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கக்கூடாது. குழாயைத் தோலோடு தையல் போட்டிருப்பார்கள், அது போதாது, ஒரு சாண் தள்ளி இன்னொரு இடத்தில் பிளாஸ்டர் போட்டு ஒட்டிவிடுங்கள். கதவுக் கொண்டியில், கட்டில் கம்பியில் மாட்டி இழுபடுவதுதான் நான் பார்க்கும் விபத்தில் பாதி. எங்களிடம் ஒரு தாத்தா ஆட்டுக்குட்டியைத் தூக்கப்போய்க் குழாயைக் கழற்றிக்கொண்டு வந்தார், பாவம், திரும்பவும் முதலிலிருந்து குத்த வேண்டியதாயிற்று. சலைன் உள்ளே செலுத்திக் கழுவச் சொன்னால் மெதுவாகத் தள்ளுங்கள், வேகமாகத் தள்ளினால் தேங்கிய கிருமி ரத்தத்தில் ஏறி அரைமணி நேரத்தில் நடுக்கம் வந்துவிடும். திரும்ப உறிஞ்ச வேண்டாம். எத்தனை மில்லி, எத்தனை தடவை என்பதை டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்குங்கள், வாய்வார்த்தையாக விடாதீர்கள்.

பிலிருபின் தினமும் பாதிப் பாதியாக இறங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். முதல் வாரம் நன்றாக இறங்கும், அப்புறம் ஆமை வேகம். ரொம்ப நாள் மஞ்சள் இருந்தவர்களுக்கு அதில் ஒரு பங்கு ரத்தப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்குமாம், அந்தப் புரதம் கழிய இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். கண்ணில் மஞ்சள் இருக்கிறதே, குழாய் வேலை செய்யவில்லையோ என்று தினமும் ஒரு வீட்டிலிருந்தாவது போன் வரும். குழாயின் நுனி குடலுக்குள் போனபிறகு அப்பாவின் மலத்தைப் பாருங்கள். அது பழுப்பு நிறத்துக்குத் திரும்பினால் பித்தம் குடலுக்கு வந்துவிட்டது.

—

வைகைக்கரை_மகன் எழுதியது:

19 நாள் கழித்து எழுதுகிறேன். தாமதத்துக்கு மன்னிக்கவும்.

கடைசியில் அப்பா சம்மதித்தார். திருச்சி அக்கா சொன்ன வேட்டி மடிப்பு விஷயம்தான் வேலை செய்தது. மறுநாளே குழாய் வைத்தார்கள். அன்று ராத்திரி பையில் 700 மில்லி, தார் மாதிரி. அப்பா அதை வெறித்துப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "இவ்வளவும் எனக்குள்ளேயா கிடந்தது" என்றார். அன்றைக்குத்தான் ஒரு மாதத்தில் முதல் தடவையாகச் சொறியாமல் தூங்கினார்.

பிலிருபின் 14.6-லிருந்து ஏழாம் நாள் 7.2, பதினாறாம் நாள் 2.8. டாக்டர் சார் சொன்னது மாதிரியேதான் நடந்தது. 7-ல் இருக்கும்போதே காத்திராமல் சைக்ளோபாஸ்பமைடும், இரண்டு நாள் கழித்து ரிட்டுக்சிமாபும் கொடுத்தார்கள். ரிட்டுக்சிமாப் ஏறும்போது ஒரு மணி நேரம் குளிர் நடுக்கம் வந்தது, வேகத்தைக் குறைத்து, ஊசி போட்டு, பிறகு மெதுவாக முழுதும் ஏற்றினார்கள். 2.8 வந்ததும் சிவப்பு மருந்து பாதி அளவில், வின்கிரிஸ்டினும் சேர்ந்தது. சிறுநீர் சிவப்பாகப் போகும், ரத்தம் இல்லை என்று நர்ஸ் முன்னாலேயே சொல்லியிருந்தும் அம்மா ஒரு கணம் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த தடவை பிலிருபின் 1.2-க்குக் கீழே வந்தால் முழு அளவு என்று சொல்லியிருக்கிறார்கள்.

காய்ச்சல் ஒருமுறை 100.6 வந்தது, ராத்திரி பதினொன்றே முக்கால். சேலத்து அக்கா சொன்ன சீட்டு சட்டைப்பையில் இருந்தது. நேராகக் கூட்டிப்போனோம், ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஏறிவிட்டது, மூன்று நாளில் வீடு. அக்கா, அந்தச் சீட்டை எடுத்து நீட்டியபோது என் கை நடுங்கியது, வாய் வரவில்லை, நீங்கள் சொன்னது அப்படியே.

போன வாரம் குழாயைக் குடல் வரை நகர்த்திவிட்டார்கள். வெளிப்பக்கத்தைப் பகலில் மட்டும் அடைத்துப் பார்க்கிறோம், காய்ச்சல் வரவில்லை என்றால் பையையே கழற்றலாமாம். இன்று காலை கழிவறையிலிருந்து அப்பா என் பெயரைச் சொல்லிச் சத்தமாகக் கூப்பிட்டார். விழுந்துவிட்டாரோ என்று ஓடினேன். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, "வந்து பாருடா, நிறம் வந்துவிட்டது" என்றார்.

வியாழக்கிழமை ரத்தப் பரிசோதனை. ரிப்போர்ட் வந்ததும் இங்கே போடுகிறேன்.